உங்கள் சிறு பைத்தான் லைப்ரரியைப் பைபிஐயில் வெளியிடுவது எப்படி: முழுமையான வழிகாட்டி

‘தமிழ்’ என்ற சொல்லின் நீளம் என்ன என்று பைத்தானிடம் கேட்டால் 5 என்று சொல்லும். த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என ஐந்துக்கும் யூனிகோடில் தனித்தனி எண் இருக்கிறது. நமக்கு அது மூன்றெழுத்துச் சொல். தமிழ் உரையோடு வேலை செய்கிறவர்கள் அனேகமாக எல்லோரும் ஒருநாள் இதற்காக ஒரு சின்ன ஃபங்ஷன் எழுதிவிடுகிறார்கள். நானும் எழுதினேன், நாற்பது வரி இருக்கும். ஒரு புராஜெக்டிலிருந்து இன்னொன்றுக்கு அதை நகலெடுத்து ஒட்டிக்கொண்டே போனேன். மூன்றாவது இடத்தில் ஒரு பிழையைக் கண்டு திருத்தினேன். முதல் இரண்டு இடங்களிலும் அந்தப் பிழை அப்படியே கிடந்தது.

உங்கள் ஃபங்ஷனும் அந்த நிலைக்கு வந்துவிட்டால், அதை ஒரே இடத்தில் வைத்து, பெயரும் பதிப்பு எண்ணும் கொடுத்து வெளியிட்டுவிடுவது நல்லது. பைத்தானுக்கு அந்த இடம் பைபிஐ. 2003-இல் தொடங்கியது, பைத்தான் மென்பொருள் அறக்கட்டளை நடத்துவது, கணக்கு தொடங்கவோ பதிவேற்றவோ காசு கிடையாது. பைத்தானின் நிறுவல் கருவியான பிப்பை வைத்து ‘பிப் இன்ஸ்டால்’ என்று தட்டும்போது லைப்ரரி அங்கிருந்துதான் வருகிறது.

பதிவேற்றுவது ஒரு நிமிட வேலைதான். உங்களைத் தெரியாத ஒருவர், நீங்கள் பார்த்தே இராத கணினியில், உங்களிடம் ஒரு கேள்வியும் கேட்காமல் அதை நிறுவி ஓட்ட வேண்டுமே, உழைப்பு முழுக்க அதற்குத்தான். அதனால் கீழே உள்ள ஒவ்வொரு படியையும் அந்த முகம் தெரியாதவரின் கண்ணால் பாருங்கள்.

கட்டளைகளையும் கோப்புப் பெயர்களையும் இங்கே ஒலிப்படி தமிழில் எழுதுகிறேன். தட்டும்போது ஆங்கில எழுத்தில் தட்டுங்கள்.

பெயர்

உதாரணத்துக்கு நம் லைப்ரரியின் பெயர் ‘எழுத்துப்பிரி’ என்று வைத்துக்கொள்வோம். பைத்தான் மொழிக்குள் மாறிகளுக்கும் ஃபங்ஷன்களுக்கும் தமிழிலேயே பெயர் வைக்கலாம், பைத்தான் 3 அதை ஏற்றுக்கொள்ளும். பைபிஐ ஏற்காது. அங்கே பதிவாகும் பெயரில் ஆங்கில எழுத்துகள், எண்கள், புள்ளி, இடைக்கோடு, அடிக்கோடு மட்டும்தான் இருக்கலாம்.

ஆக, தமிழ்ப் பெயரை ஆங்கில எழுத்தில் எழுதியாக வேண்டும். இங்கே நமக்கென்றே ஒரு சிக்கல் உண்டு. ழகரத்துக்கு ‘இசட் எச்’ போடுகிறவர்கள் இருக்கிறார்கள், வெறும் ‘எல்’ போடுகிறவர்களும் இருக்கிறார்கள். ‘த்து’ என்பதில் ‘எச்’ வருமா வராதா என்பதிலும் ஆளுக்கொரு வழக்கம். காதால் கேட்ட பெயரைத் தேடுகிறவர் வேறு எழுத்துக்கூட்டலில் தேடி, இல்லை என்று போய்விடுவார். முடிந்தவரை இப்படித் தடுமாற்றம் தராத பெயராகத் தேர்ந்தெடுங்கள். இல்லையென்றால் மற்ற எழுத்துக்கூட்டல்களையும், கீழே வரும் ‘பைப்ராஜெக்ட்.டாமல்’ கோப்பில் தரும் திறவுச்சொற்களில் சேர்த்துவிடுங்கள். ஒருவரி விளக்கத்தில் தமிழ் எழுத்து வரலாம், அதில் தாராளமாகத் தமிழில் எழுதுங்கள்.

பெயர் ஏற்கெனவே எடுக்கப்பட்டிருக்கிறதா என்று பைபிஐ தளத்தில் தேடிப் பாருங்கள். பெரிய எழுத்து, சின்ன எழுத்து, இடைக்கோடு, அடிக்கோடு, புள்ளி ஆகியவற்றை வைத்துப் பெயரை வேறுபடுத்த முடியாது. பைபிஐக்கு அவை எல்லாம் ஒன்றே. இன்னொன்றையும் கவனியுங்கள்: நிறுவும்போது சொல்லும் பெயரும் நிரலுக்குள் இம்போர்ட் செய்யும் பெயரும் வெவ்வேறாக இருக்கலாம். ஸைகிட்-லேர்ன் என்று நிறுவிவிட்டு எஸ்கேலேர்ன் என்று இம்போர்ட் செய்கிறோம் இல்லையா? புதிதாகத் தொடங்கும் நீங்கள் இரண்டையும் ஒன்றாகவே வைத்துவிடுங்கள்.

ஃபோல்டர் அமைப்பு

வெளி ஃபோல்டருக்கு லைப்ரரியின் பெயர். அதற்குள் ‘எஸ்ஆர்சி’ என்று ஒரு ஃபோல்டர், அதற்குள் இம்போர்ட் பெயரில் இன்னொரு ஃபோல்டர், உங்கள் நிரல் அதில். அந்த உள் ஃபோல்டரில் ‘இனிட்’ கோப்பு இருக்க வேண்டும். பெயரின் இரு பக்கமும் இரண்டிரண்டு அடிக்கோடு வரும். வெளி ஃபோல்டரில் ‘டெஸ்ட்ஸ்’ ஃபோல்டர், அறிமுகக் குறிப்பான ரீட்மீ, லைசென்ஸ், அப்புறம் ‘பைப்ராஜெக்ட்.டாமல்’.

‘எஸ்ஆர்சி’ எதற்கு, நேராக வெளியிலேயே வைத்தால் என்ன என்று கேட்கலாம். வெளி ஃபோல்டரில் நின்று பைத்தானை ஓட்டினால், நிறுவிய பிரதியை விட்டுவிட்டுப் பக்கத்தில் இருக்கும் மூலக் கோப்பை எடுத்துக்கொள்ள வாய்ப்பு அதிகம். சோதனை எல்லாம் தேறிவிடும். ஆனால் அடுத்தவர் கையில் கிடைக்கப்போகும் பிரதியை நீங்கள் சோதிக்கவே இல்லை. ‘எஸ்ஆர்சி’க்குள் வைத்துவிட்டால், நிறுவாமல் இம்போர்ட் நடக்காது.

பைப்ராஜெக்ட்.டாமல்

லைப்ரரியின் அடையாள அட்டை இது. பழைய வழிகாட்டிகளில் ‘செட்டப்.பை’ என்ற கோப்பைப் பார்த்திருப்பீர்கள். புதிய லைப்ரரிக்கு அது தேவையில்லை.

இதில் இரண்டு பகுதிகள் முக்கியம். முதலாவது ‘பில்ட்-சிஸ்டம்’. எந்தக் கருவியை வைத்துத் தொகுக்க வேண்டும் என்பதை இங்கே சொல்கிறோம். செட்அப்டூல்ஸ், ஹேட்ச்லிங், ஃப்ளிட் எனப் பல இருக்கின்றன. சின்ன லைப்ரரிக்கு எனக்குப் பிடித்தது ஹேட்ச்லிங், அமைப்பு வரிகள் குறைவு.

இரண்டாவது ‘ப்ராஜெக்ட்’ பகுதி. பெயர், பதிப்பு எண், ஒருவரி விளக்கம், ரீட்மீ எங்கே இருக்கிறது, உரிமம், ஆசிரியர், இணைப்புகள் ஆகியவை இதில் வரும். ஆசிரியர் என்ற இடத்தில் நீங்கள் போடும் மின்னஞ்சல் முகவரி பைபிஐ பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும். சொந்த முகவரி வேண்டாம் என்றால் இதற்கென ஒன்று தொடங்கிக்கொள்ளுங்கள்.

இரண்டு வரிகளில் மட்டும் அவசரப்படாதீர்கள்.

ஒன்று, ‘ரிக்வயர்ஸ்-பைத்தான்’. உங்கள் லைப்ரரி ஓடுவதற்குக் குறைந்தபட்சம் எந்தப் பைத்தான் வேண்டும் என்பது. உங்கள் கணினியில் இருப்பது புதியது என்பதற்காக அதையே போட்டுவிட்டால், பழைய பதிப்பு வைத்திருக்கும் கல்லூரி ஆய்வகத்தில் காரணமே இல்லாமல் நிறுவல் தடைபடும். தெரியாமல் மிகக் கீழே போட்டால், நிறுவல் நடந்துவிடும், ஓட்டும்போது சின்டாக்ஸ் பிழை வரும். எந்தப் பதிப்பில் நீங்களே ஓட்டிப் பார்த்தீர்களோ அதைப் போடுங்கள்.

மற்றொன்று, ‘டிபென்டன்சீஸ்’. நம் எழுத்துப்பிரி, பைத்தானோடு வராத ‘ரீஜெக்ஸ்’ லைப்ரரியைப் பயன்படுத்துகிறது என்று வைத்துக்கொள்வோம். இந்தப் பதிப்புக்கு மேல் எதுவானாலும் சரி என்று சொல்லுங்கள். இரட்டைச் சமக்குறி போட்டு ஒரே ஒரு பதிப்பில் ஆணி அடித்துவிடாதீர்கள். நீங்கள் ஒரு பதிப்பில் ஆணி அடித்து, இன்னொரு லைப்ரரி வேறொரு பதிப்பில் ஆணி அடித்திருந்தால், இரண்டையும் சேர்த்து நிறுவ பிப்பால் முடியாது. ஆணி அடிக்கும் உரிமை லைப்ரரியை வைத்துச் செயலி கட்டுகிறவருக்கு உரியது.

உரிமம்

உரிமம் எழுதாமல் வெளியிட்டால் ‘யாரும் எடுத்துக்கொள்ளலாம்’ என்று பொருள் ஆகாது. பதிப்புரிமைச் சட்டப்படி எல்லா உரிமையும் உங்களிடமே இருக்கும், கவனமான நிறுவனங்கள் தொடவே மாட்டா. எடுத்துக்கொள்ளுங்கள், பெயரை மட்டும் விட்டுவையுங்கள் என்றால் எம்ஐடி. அதோடு காப்புரிமை (பேட்டன்ட்) பற்றிய பாதுகாப்பும் வேண்டும் என்றால் அப்பாச்சி 2.0. மாற்றி வெளியிடுகிறவரும் மூல நிரலைத் திறந்தே தர வேண்டும் என்றால் ஜிபிஎல். உரிமத்தின் முழு வாசகத்தையும் லைசென்ஸ் கோப்பில் வையுங்கள்.

நிரலோடு ஒரு சொற்பட்டியலும் போகிறதா? அது எங்கிருந்து வந்தது என்று பாருங்கள். தமிழ் விக்சனரியிலிருந்து எடுத்திருந்தால், அதன் உரிமம் மூலத்தின் பெயரைக் குறிப்பிடவும் அதே நிபந்தனையில் பகிரவும் கேட்கிறது. நிரலுக்கு எம்ஐடி என்று எழுதிவிட்டதால் பட்டியலும் எம்ஐடி ஆகிவிடாது. ரீட்மீயில் இரண்டையும் பிரித்துச் சொல்லுங்கள்.

தரவுக் கோப்பு: நான் தடுக்கி விழுந்த இடம்

என் முதல் லைப்ரரியில் ‘ஒரு, இந்த, என்று’ போன்ற நிறுத்தச் சொற்கள் ஒரு டெக்ஸ்ட் கோப்பில் இருந்தன. சோதனைகள் எல்லாம் தேறின. வெளியிட்டேன். அன்று இரவே ஒரு நண்பர் ஸ்கிரீன்ஷாட் அனுப்பினார்: கோப்பு கிடைக்கவில்லை என்ற பிழை. என் கணினியில் நன்றாக ஓடியது, அவர் கணினியில் முதல் வரியிலேயே நின்றது.

காரணத்தைக் கண்டுபிடிக்க ஒரு மணி நேரம் ஆனது. கிறுக்கல் குறிப்புகள், நிரலின் மாற்றங்களைப் பதிவுசெய்து வைக்கும் கருவியான கிட்டுக்குள் போகக் கூடாது என்று, எல்லா டெக்ஸ்ட் கோப்புகளையும் ஒதுக்கும்படி ‘கிட்இக்னோர்’ கோப்பில் ஒரு வரி போட்டிருந்தேன். ஹேட்ச்லிங் அந்த வரியை மதிக்கும். கிட் ஒதுக்கும் எதையும் அது தொகுப்பில் சேர்க்காது. என் சொற்பட்டியலும் அப்படியே வெளியே நின்றுவிட்டது. நான் நேரடி இணைப்பு முறையில், அதாவது பிப் இன்ஸ்டாலுக்கு ‘-இ’ சேர்த்து, நிறுவி வைத்திருந்ததால் என் கணினி மூல ஃபோல்டரிலிருந்தே கோப்பைப் படித்துக்கொண்டிருந்தது. நிரல் எழுதும்போது அந்த முறை அருமையானது. தொகுப்பில் எது விடுபட்டிருக்கிறது என்பதை மட்டும் அது காட்டாது.

செட்அப்டூல்ஸ் பயன்படுத்தினாலும் நிம்மதியாக இருந்துவிட முடியாது. பைத்தான் அல்லாத கோப்புகளை அதில் வெளிப்படையாகக் குறிப்பிட வேண்டியிருக்கும்.

கோப்பைத் திறக்கும் விதத்திலும் இரண்டு கவனம் வேண்டும். பாதையை நேராக எழுதாமல் ‘இம்போர்ட்லிப்.ரிசோர்சஸ்’ வழியாகத் திறங்கள். பேக்கேஜ் எங்கே நிறுவப்பட்டிருந்தாலும் கோப்பைக் கண்டுபிடித்துத் தரும். திறக்கும்போது என்கோடிங் யூடிஎஃப்-8 என்று கட்டாயம் சொல்லுங்கள். லினக்ஸிலும் மேக்கிலும் சொல்லாவிட்டாலும் ஓடும். விண்டோஸ் கணினி பலவற்றில் இயல்பான என்கோடிங் வேறு. தமிழ் எழுத்து உடைந்து வரும், அல்லது நிரல் நின்றுவிடும்.

சோதனை

சின்ன லைப்ரரிக்கு நூறு சோதனை வேண்டாம், சரியான பத்து போதும். நம் எழுத்துப்பிரிக்கு நான் முதலில் எழுதும் சோதனை ‘கொ’. இதைக் ககரம், ஒகரக் குறி என்று இரண்டு குறியீடுகளாகவும் எழுதலாம். ககரம், எகரக் கொம்பு, கால் என்று மூன்றாகவும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும், பைத்தானுக்கு இரண்டும் சமம் இல்லை. யூனிகோடின் என்எஃப்சி முறையில் சீராக்கினால் இரண்டும் ஒன்றாகிவிடும். ஃபங்ஷனின் முதல் வேலையாக அதைச் செய்துவிடுங்கள். வெற்றுச் சரம், ஆங்கிலம் கலந்த வரி, எண்கள், சொல்லின் கடைசியில் மெய்யெழுத்து ஆகியவற்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ரீட்மீ

பைபிஐ பக்கத்தில் தெரிவது இதுதான். முதல் பத்து வரிக்குள் மூன்று விஷயம் வந்துவிட வேண்டும்: இது என்ன செய்யும், எப்படி நிறுவுவது, ஓடக்கூடிய ஓர் உதாரணமும் அதன் விடையும். தமிழ் உரைக்கான லைப்ரரி என்றால் தமிழில் முதலில் எழுதுங்கள், கீழே ஆங்கிலத்தில் எழுதுங்கள். தமிழ் தெரியாத பொறியாளர்களும் தமிழ்த் தரவோடு வேலை செய்கிறார்கள். நிரல்களைச் சேமித்துப் பகிரும் தளமான கிட்ஹப்பில் வேலை செய்யும் சார்புப் பாதைப் படங்களும் இணைப்புகளும் பைபிஐயில் உடைந்துவிடும், முழு முகவரி கொடுங்கள்.

பதிப்பு எண்

0.1.0 என்று தொடங்குங்கள். முன்னால் சுழியம் இருந்தால், இன்னும் மாறலாம் என்று படிப்பவருக்குப் புரியும். பிற்பாடு மூன்று எண்களுக்கும் பொருள் இப்படி: பழைய நிரலை உடைக்கும் மாற்றம் என்றால் முதல் எண், உடைக்காமல் புதிதாக ஏதாவது சேர்த்தால் நடு எண், பிழைத்திருத்தம் மட்டும் என்றால் கடைசி எண். இது தசம எண் அல்ல. 1.9-க்கு அடுத்தது 1.10.

தொகுத்தல்

தொகுக்கும் கருவி பில்ட், பதிவேற்றும் கருவி ட்வைன். வெளி ஃபோல்டரில் நின்று:

பிப் இன்ஸ்டால் பில்ட் ட்வைன்
பைத்தான் -எம் பில்ட்

‘டிஸ்ட்’ என்ற ஃபோல்டரில் இரண்டு கோப்புகள் வந்திருக்கும். ஒன்று மூலத் தொகுப்பு, ‘டார்.ஜிஇசட்’ என்று முடியும். மற்றொன்று வீல், ‘டபிள்யூஎச்எல்’ என்று முடியும். பிப் முதலில் தேடுவது வீலைத்தான்.

உடனே பதிவேற்றப் போகாதீர்கள். வீல் என்பது ஒரு ஜிப் கோப்புதான். அதை நகலெடுத்து, கடைசி எழுத்துகளை ஜிப் என்று மாற்றித் திறந்து பாருங்கள். உங்கள் நிரல் கோப்புகள் எல்லாம் இருக்கின்றனவா? தரவுக் கோப்பு இருக்கிறதா? மூலத் தொகுப்பையும் திறங்கள். இதில் கேள்வி தலைகீழ்: இருக்கக் கூடாதது ஏதும் இருக்கிறதா? கடவுச்சொல் எழுதி வைத்த ‘டாட் என்வ்’ கோப்பு, சோதனைக்கு வைத்த யாரோ ஒருவரின் கடிதம், இப்படி எதுவும் உள்ளே போயிருக்கலாம். எனக்கு இந்த ஐந்து நிமிடம் பலமுறை கைகொடுத்திருக்கிறது.

அப்புறம் இது:

ட்வைன் செக் டிஸ்ட்/*

ரீட்மீ பைபிஐயில் ஒழுங்காகத் தெரியுமா என்று சொல்லிவிடும்.

அடுத்து, புராஜெக்ட் ஃபோல்டரைவிட்டு முழுக்க வெளியே வாருங்கள். வேறெங்காவது ஒரு காலி ஃபோல்டர் தொடங்கி, அதில் ‘பைத்தான் -எம் வீஎன்வ்’ கொண்டு புதிய சூழலை உருவாக்கி, அந்த வீல் கோப்பை மட்டும் நிறுவுங்கள். ரீட்மீயில் எழுதிய உதாரணத்தை ஓர் எழுத்து மாற்றாமல் ஒட்டி ஓட்டுங்கள். அதே விடை வந்தால் சரி. என் சொற்பட்டியல் பிழை இந்த ஒரு படியைச் செய்திருந்தால் அன்றே பிடிபட்டிருக்கும்.

ஒத்திகை

டெஸ்ட்பைபிஐ என்று தனித் தளம் ஒன்று ஒத்திகைக்கென்றே இருக்கிறது. கணக்கும் தனி, பதிவேற்றும்போது கடவுச்சொல்லாகக் கொடுக்கும் டோக்கனும் தனி. ட்வைனுக்கு ‘--ரெபாசிட்டரி டெஸ்ட்பைபிஐ’ என்று சேர்த்துச் சொன்னால் அங்கே போகும். உங்கள் லைப்ரரிக்கு வேண்டிய மற்ற லைப்ரரிகள் அங்கே இல்லாமல் இருக்கலாம். அவற்றை முதலில் உண்மையான பைபிஐயிலிருந்து நிறுவிவிட்டு, உங்களுடையதை மட்டும் ‘--நோ-டெப்ஸ்’ போட்டு அங்கிருந்து எடுங்கள். அங்கே ஏற்றியவை அவ்வப்போது அழிக்கப்படும், நிரந்தரம் என்று நம்ப வேண்டாம்.

உண்மையான வெளியீடு

பைபிஐயில் கணக்கு தொடங்கி, மின்னஞ்சலை உறுதிசெய்து, இருபடிச் சரிபார்ப்பை இயக்குங்கள். 2024 தொடக்கத்திலிருந்து அது எல்லோருக்கும் கட்டாயம். அப்போது தரப்படும் மீட்புக் குறியீடுகளை அச்சிட்டோ எழுதியோ போனுக்கு வெளியே வையுங்கள். போன் தொலைந்தால் கணக்கைத் திரும்பப் பெற அதுதான் நேர்வழி.

பிறகு ஒரு டோக்கன் உருவாக்குங்கள். முதல் பதிவேற்றத்துக்கு முன் உங்கள் லைப்ரரி பைபிஐயில் இல்லாததால், கணக்கு முழுவதற்குமான டோக்கன்தான் கிடைக்கும். பதிவேற்றம் முடிந்ததும் அதை நீக்கிவிட்டு, இந்த ஒரு லைப்ரரிக்கு மட்டும் செல்லும் டோக்கனை உருவாக்கிக்கொள்ளுங்கள். டோக்கனை எந்தக் காரணத்துக்காகவும் நிரல் கோப்பில் எழுதாதீர்கள்.

ட்வைன் அப்லோட் டிஸ்ட்/*

டோக்கன் கேட்கும், ஒட்டுங்கள். பயனர் பெயரும் கேட்டால், ‘டோக்கன்’ என்ற ஆங்கிலச் சொல்லை முன்னும் பின்னும் இரண்டிரண்டு அடிக்கோட்டோடு கொடுங்கள். அவ்வளவுதான். யூவி கருவி பழகியவர்கள் ‘யூவி பில்ட்’, ‘யூவி பப்ளிஷ்’ என்று இதே வேலையைச் செய்யலாம்.

தவறாகப் போய்விட்டால்

ஒருமுறை ஏற்றிய கோப்புப் பெயரை மறுபடி பயன்படுத்த முடியாது, அழித்தாலும் முடியாது. 0.1.0-இல் ஒரு எழுத்துப்பிழை என்றாலும் அடுத்தது 0.1.1 தான். இது கெடுபிடியாகத் தோன்றலாம். நேற்று ஒருவர் நிறுவிய 0.1.0-உம் இன்று இன்னொருவர் நிறுவும் 0.1.0-உம் ஒன்றேதான் என்ற உறுதி இந்த விதியால்தான் கிடைக்கிறது.

பதிப்பில் பெரிய பிழை என்றால் அழிக்காதீர்கள், ‘யாங்க்’ செய்யுங்கள். புதிதாக நிறுவுகிறவர்களுக்குப் பிப் அதைத் தராது. அந்தப் பதிப்பையே பெயர் சொல்லிக் கேட்கிறவர்களுக்கு மட்டும் தரும். லைப்ரரியை முழுதாக அழித்துவிட்டால் பெயர் பொதுவுக்கு வந்துவிடும். வேறு யாராவது அதே பெயரில் தீங்கான நிரலை ஏற்றினால், உங்களை நம்பியவர்கள்தான் அதை நிறுவுவார்கள்.

சின்ன லைப்ரரி போனால் யாருக்கு என்ன என்று நினைக்க வேண்டாம். 2016 மார்ச்சில், ஜாவாஸ்கிரிப்ட் உலகின் களஞ்சியமான என்பிஎம்மில் ‘லெஃப்ட்-பேட்’ என்ற 11 வரி லைப்ரரியை அதை எழுதியவர், ஒரு பெயர்த் தகராறில் தன் மற்ற லைப்ரரிகளோடு சேர்த்து நீக்கினார். சரத்தின் இடப்பக்கத்தை நிரப்புவது மட்டும்தான் அதன் வேலை. பேபல் போன்ற பெரிய கருவிகள் அதை நம்பியிருந்ததால், உலகெங்கும் தொகுப்புகள் தோற்றன. கடைசியில் என்பிஎம்மே அதைத் திரும்ப வைக்க வேண்டியதாயிற்று, நீக்குவதற்கான விதிகளும் அதன்பின் இறுகின.

இரண்டாம் பதிப்பு

இரண்டாம் முறை கையால் பதிவேற்ற வேண்டாம். 2023-இல் பைபிஐ ‘ட்ரஸ்டட் பப்ளிஷர்’ என்ற வசதியைக் கொண்டுவந்தது. எந்தக் கிட்ஹப் களஞ்சியத்தின் எந்தத் தானியங்கி வேலைக்கோப்பு (வொர்க்ஃப்ளோ) உங்கள் சார்பில் பதிவேற்றலாம் என்று பைபிஐயில் ஒருமுறை பதிவுசெய்துவிட்டால், ஒவ்வொரு வெளியீட்டுக்கும் சில நிமிடம் மட்டுமே செல்லும் டோக்கன் தானாக உருவாகும். எங்கேயும் சேமித்து வைக்க ரகசியமே இல்லை, அதனால் திருடு போகவும் ஒன்றுமில்லை.

முதல் பிழை அறிக்கை வரும்போது கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். எழுத்துப்பிரிக்கு வரக்கூடிய கேள்வி ஒன்று எனக்கு இப்போதே தெரியும்: ‘ஸ்ரீ’ ஓர் எழுத்தா, இரண்டா? யூனிகோடின் பொது விதிப்படி பிரித்தால் ‘ஸ்’, ‘ரீ’ என்று இரண்டாகும். எழுதுகிறவர் கைக்கு அது ஒன்று. இரண்டுக்கும் நியாயம் உண்டு. ஒன்று என்று முடிவுசெய்தால், ஏற்கெனவே இரண்டு என்று எண்ணிக்கொண்டிருக்கும் ஒருவரின் நிரலில் விடை மாறும். ஆகவே அதைப் பிழைத்திருத்தமாக 0.1.2-இல் நுழைக்காமல், சோதனைக் கோப்பில் ‘ஸ்ரீ’க்கு ஒரு வரி சேர்த்து, மாற்றக் குறிப்பில் காரணத்தை எழுதி, முதல் எண் இன்னும் சுழியமாகவே இருப்பதால் நடு எண்ணை உயர்த்தி 0.2.0 என்று டேக் போட்டுக் கிட்ஹப்புக்குத் தள்ளுங்கள்.